முதல் ஆட்டம் யாருக்கு?

வணக்கம் அக்கா,
லீவு விட்டதுல இருந்து எங்க மொட்டை மாடிதான் பசங்களுக்கு கிரவுண்டு. என் பொண்ணுக்கு எட்டு வயசு, பையனுக்கு நாலு, கூட பக்கத்து வீட்டுப் பசங்க மூணு பேரு. எந்த ஆட்டம்னாலும் யாரு ஃபர்ஸ்ட்டுங்கறதுலயே சண்டை. நான் போய் சொன்னா "அம்மா ஓரவஞ்சனை பண்றாங்க"ன்னு அழுகை. ஜாலியா ஏதாவது வழி சொல்லுங்களேன்.
- ஒரு வாசகி, கோவை

வணக்கம் மா,

முதல்ல நீங்க தீர்ப்பு சொல்றத நிறுத்திடுங்க. ஃபர்ஸ்ட் யாருன்னு முடிவு பண்றதே ஒரு ஆட்டம்தான், அதையும் பசங்களே ஆடட்டும். தன் கை போட்டு வந்த முடிவுன்னா முணுமுணுத்துக்கிட்டாவது ஏத்துப்பாங்க.

அஞ்சு பேருக்கு சா பூ த்ரீய அடிச்சுக்க வேற எதுவும் இல்ல. வட்டமா நின்னு "சா... பூ... த்ரீ"ன்னு கத்திக்கிட்டே எல்லாரும் ஒண்ணா கைய நீட்டணும், உள்ளங்கை தெரியற மாதிரி இல்லன்னா புறங்கை தெரியற மாதிரி, அதுல யாரு கை மட்டும் தனியா நிக்குதோ அவங்க பழம். முதல்ல பழுத்தவங்களுக்கு முதல் ஆட்டம். அஞ்சு பேர்ல ஒருத்தர் தனியா வர்றது சராசரியா 16 தடவைக்கு 5 தடவைதான், நாலு பேர்னா பாதிக்குப் பாதி, மூணு பேர்னா நாலுக்கு மூணு, அதனால ஆரம்பத்துல இழுத்தாலும் போகப்போக சட்டுன்னு முடிஞ்சிடும். பத்து பேர் சேந்துட்டா மட்டும் ரெண்டு குரூப்பா பிரிச்சுடுங்க, இல்லன்னா சாயங்காலம் வரைக்கும் கை நீட்டிக்கிட்டே நிக்கணும். கடைசி ரெண்டு பேருக்கு ஏற்கனவே பழம் ஆனவங்க ஒருத்தர் வந்து மூணாவது கை குடுக்கணும். ஜெயிச்சுட்டு வெளிய நிக்கிற குழந்தை மத்தவங்களுக்காக திரும்ப உள்ள வருது பாருங்க, எனக்கு இந்த ஆட்டத்துல ரொம்பப் பிடிச்ச இடமே அதுதான்.

இங்கி பிங்கி பாங்கியும் ஜாலிதான், ஆனா பெரிய பிள்ளைங்க அத சீக்கிரமே கணக்குப் பண்ணிடுவாங்க. பாட்டுக்கு மொத்தம் 16 தட்டு வர்ற மாதிரி பாடினா, நிக்கிறது அஞ்சு பேர்னா யாருகிட்ட ஆரம்பிச்சமோ அவங்ககிட்டயே வந்து முடியும். அதனால பாடறது ஒருத்தர், எங்க ஆரம்பிக்கணும்னு சொல்றது இன்னொருத்தர்னு வச்சுடுங்க.

கிரிக்கெட்னா பேட்டிங் ஆர்டருக்கு தெருப் பசங்க பண்றதுதான் பெஸ்ட்டு. தரையில சாக்பீஸால அஞ்சு கோடு, ஒவ்வொரு கோட்டு முனையிலயும் இஷ்டத்துக்கு மாத்தி மாத்தி நம்பர் எழுதி, அந்த முனைய பேட்டால மூடிடணும். மத்தவங்க ஆளுக்கொரு கோட்டத் தொடுவாங்க, எழுதினவங்களுக்கு மிச்சம் இருக்கறது. பேட்டத் தூக்கற அந்த ஒரு செகண்டு மாடியே அலறும்!

தாயம், பரமபதத்துக்கு ரெண்டே பேர்னா ஒத்தையா ரெட்டையா போதும். ஒரு பிடி புளியங்கொட்டைய கையில மறைச்சு கேக்கணும், அப்புறம் ரெண்டு ரெண்டா பிரிச்சு வச்சுப் பாக்கணும். அந்தப் பிரிக்கிற வேலைய உங்க குட்டிப் பையன்கிட்ட குடுங்க. அவன ஒப்புக்குச் சப்பாணியா ஓரமா நிறுத்தாதீங்க, நாலு வயசுக்கும் அது வலிக்கும். கடைசியா ஒரு கொட்டை தனியா மிஞ்சினா "ஒத்தை"ன்னு கத்தறது அவனாவே இருக்கட்டும்.

இதுக்கு நடுவுல பசங்களே புதுசா ஏதாவது கண்டுபிடிச்சா, ரூல்ஸோட எனக்கு எழுதி அனுப்புங்க மா.