தோட்டத்து ஈஸ்ட்டில் வீட்டு பீர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆப்பிள் தோலைச் சர்க்கரைத் தண்ணீரில் போட்டேன், மூன்றே நாளில் நுரைத்தது. அதை 4 லிட்டர் மால்ட் சாற்றில் (முளைவிட்ட பார்லியின் இனிப்புச் சாறு) ஊற்றினால், ஹைட்ரோமீட்டர் (சாற்றின் அடர்த்தியை அளக்கும் கருவி; சர்க்கரை கரைந்து ஆல்கஹாலாக மாற மாற எண் இறங்கும்) 1.044-லிருந்து 1.038-க்கு இறங்கி அப்படியே நிற்கிறது. ஈஸ்ட் செத்துவிட்டதா?
- வாசகர், லண்டன்

பதில்: சாகவில்லை. அதற்குத் தின்னத் தெரிந்த சர்க்கரை தீர்ந்துவிட்டது. மால்ட் சாற்றில் இருக்கும் சர்க்கரையில் ஏறக்குறைய பாதி மால்ட்டோஸ். பழத்தோலில் அதிகம் வாழும் ஹன்சேனியாஸ்போரா வகை ஈஸ்ட்டுகள் குளுக்கோஸையும் ஃப்ரக்டோஸையும் தின்னும், மால்ட்டோஸைத் தொடாது. சர்க்கரைத் தண்ணீர் வைத்து நீங்கள் வளர்த்தது அந்தக் கூட்டத்தைத்தான். (பழத்தின் மேல் தெரியும் வெண்பூச்சை ஈஸ்ட் என்று பலர் நம்புகிறார்கள். அது மெழுகு.)

ஆகவே முதல் நாளிலிருந்தே மால்ட்டை மட்டும் கொடுங்கள். 500 மில்லி தண்ணீரில் 40 கிராம் உலர் மால்ட் பொடி, ஒரு கிராம் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் உலர்ந்த பூ) சேர்த்து 15 நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி ஆறவிடுங்கள். ஹாப்ஸ் கசப்புக்காக அல்ல, புளிக்கவைக்கும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவை அடக்குவதற்காக. கொதிநீரில் சுத்தம் செய்த ஐந்து சிறு ஜாடிகளில் பிரித்து ஊற்றி, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பொருள் ஒரு தேக்கரண்டி போடுங்கள்: ஆப்பிள் தோல், பிளம் தோல், ரோஜா இதழ், எல்டர் பூ, டாண்டெலியன் பூ. மருந்து தெளிக்காத செடியாக இருக்கட்டும், கழுவ வேண்டாம். ஃபாக்ஸ்கிளவ் போன்ற விஷச்செடிகளின் பக்கமே போகாதீர்கள். ஏர்லாக் (உள்ளிருக்கும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றைத் தடுக்கும் மூடி) மாட்டி 20–22 டிகிரியில் வையுங்கள். ஐந்தில் ஒன்றிரண்டு தேறினாலே நல்ல பலன்.

இரண்டு வாரம் கழித்து எது 1.010-க்குக் கீழே இறங்கியிருக்கிறதோ, அதில்தான் மால்ட்டோஸ் தின்னும் ஈஸ்ட் இருக்கிறது. அதன் அடிவண்டலை எடுத்துப் புதிய மால்ட் சாற்றில் அரை லிட்டர், பிறகு ஒரு லிட்டர், அதன்பின் 4 லிட்டர் என்று பெருக்குங்கள். இப்போது நின்றுபோன சாற்றில் கெட்ட வாடை இல்லையென்றால், 3 கிராம் பாக்கெட் ஏல் ஈஸ்ட் போட்டுக் காப்பாற்றலாம்.

கேள்வி: மூன்றாம் நாள் அழுகிய முட்டைக்கோஸ் வாடை. ருசித்துப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. முதல் சில நாட்கள் குடல்வகைப் பாக்டீரியாவின் ஆட்டம். அவற்றில் சில நோய் தருபவை. பி.எச். 4.5-க்குக் கீழே போய், ஆல்கஹாலும் 2 சதவீதத்தைத் தாண்டும்வரை நாக்கில் வைக்காதீர்கள். 1.030-ல் தொடங்கிய சாறு 1.015-க்கு இறங்கினால் ஏறக்குறைய அந்த 2 சதவீதம். ஆறிய சாற்றில் தொடக்கத்திலேயே சில துளி லாக்டிக் அமிலம் விட்டு 4.5-க்குக் கொண்டுவந்துவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். மேலே சுருக்கம் விழுந்த வெள்ளை ஏடு பரவாயில்லை. பச்சையாக, கறுப்பாக, பஞ்சுபோலப் பூசணம் பூத்தால் வழித்தெடுத்துப் பயனில்லை, ஜாடியோடு கொட்டிவிடுங்கள். வாந்தி வாடைக்கும் அதே தீர்ப்பு.

கேள்வி: எப்போது பாட்டிலில் அடைப்பது?

பதில்: காட்டு ஈஸ்ட்டுகளில் சில, மிஞ்சிய டெக்ஸ்ட்ரினையும் (சாதாரண பீர் ஈஸ்ட் தின்னாத மாவுச்சத்துத் துண்டுகள்) மெதுவாகத் தின்றுகொண்டே இருக்கும். அவசரப்பட்டு அடைத்தால் பாட்டில் வெடிக்கும். இரண்டு வார இடைவெளியில் இருமுறை அளந்து, அளவு மாறாமலிருந்தால் லிட்டருக்கு 5 கிராம் சர்க்கரை சேர்த்து, கனமான பாட்டிலில் அடையுங்கள்.

கேள்வி: சென்னையிலுள்ள தம்பிக்கும் சொல்லித்தரலாமா?

பதில்: வேண்டாம். பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கு 1963 முதல் உரிமம் தேவையில்லை. தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம்.