நினைவு மலரில் முகாம் வரலாமா?

கேள்வி: 1990-இல் இலங்கை மன்னாரிலிருந்து படகில் வந்த குடும்பம் நாங்கள். மண்டபத்தில் பதிந்து, குறிஞ்சிப்பாடி அகதி முகாமுக்கு அனுப்பினார்கள். இன்னும் இங்கேதான் இருக்கிறேன். தம்பி நாலு வருஷம் பெயிண்ட் வேலைக்குப் போனான். பிறகு என் தாலிக்கொடியை விற்று ஏஜென்ட்டுக்குக் கொடுத்து அவனைக் கனடா அனுப்பினோம். போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டான். 31-ஆம் நாளுக்கு நேரம் போதவில்லை என்று இப்போது ஆட்டைத்திவசத்துக்கு (முதல் வருஷத் திவசம்) நினைவு மலர் அடிக்கிறார்கள். மருமகள், அதாவது தம்பி மகள், என்னிடம் இரண்டு பக்கம் கேட்டாள், எழுதி அனுப்பினேன். அதன் நகலை இத்தோடு வைத்திருக்கிறேன். அதில் முகாமையும் கொடியையும் எடுத்துவிடச் சொல்கிறாள் மச்சாள், தம்பி மனைவி. அகதி என்று சொல்ல அவளுக்குக் கூச்சம். '1994-இல் கனடாவில் குடியேறி, சொந்த முயற்சியால் உயர்ந்தார்' என்று அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். எடுத்துவிடவா? இல்லை, ஒன்றுமே தர மாட்டேன் என்று சொல்லிவிடவா?
- பெயர் வேண்டாம், குறிஞ்சிப்பாடி

பதில்:

அன்புள்ள அக்கா,

முகாமை எடுக்க வேண்டாம். கொடி விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். அதில் உங்களோடும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

முதலில் மச்சாள். 'அகதி என்று சொல்ல அவளுக்குக் கூச்சம்' என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். எனக்கு அது கூச்சமாகத் தெரியவில்லை, பயமாக இருக்கலாம். அந்தக் காலத்தில் கனடாவில் தஞ்சம் கேட்டவர்களில் சிலர், இந்தியாவில் இருந்ததை வாயே திறக்கவில்லை. சண்டை இல்லாத நாட்டில் நாலு வருஷம் இருந்தவன் அங்கேயே இருந்திருக்கலாமே என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம். 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கனடா 1969-இல் சேர்ந்தது. இந்தியா இன்றுவரை சேரவில்லை. முகாமின் பத்துக்குப் பத்து வீடும் அரசு தரும் மாதப் பணக்கொடையும் ஒரு நாட்டில் குடியமர்ந்ததாக ஆகாது என்று அங்கே வாதாடியிருக்கலாம்தான். ஏஜென்ட் சொன்னதை நம்பிப் போன இளைஞனுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? உங்கள் தம்பி அப்படி மறைத்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கூட வாழ்ந்தவருக்கு ஏதோ தெரிந்திருக்கலாம்.

அதனால் மச்சாளிடம் தனியாகக் கேளுங்கள், மருமகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேண்டாம். பயம்தான் என்றால், அச்சுக்குப் போகுமுன் அங்கேயே ஒரு வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கூச்சம்தான் என்றால், 1986 ஆகஸ்ட்டில் நடந்ததை நினைவுபடுத்துங்கள். கனடாவின் கிழக்கே நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றினார்கள். இந்தியாவிலிருந்து வருகிறோம் என்றுதான் அவர்கள் முதலில் சொன்னார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் என்று பிறகு தெரிந்து பெரிய அமளியே ஆனது. ஆனாலும் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. முப்பது வருஷம் கழித்து, 2016-இல், அதே கரையில் அதை நினைவுகூர்ந்தார்கள். வந்த வழியை மாற்றிச் சொன்னவர்களையே மேடையேற்றிக் கொண்டாடிய ஊரில், ஒரு முகாமைச் சொல்வதில் என்ன இருக்கிறது?

இப்போது உங்கள் இரண்டு பக்கம். கனடாவில் தம்பி வாழ்ந்த வாழ்க்கையை அவர் பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். மன்னார்ப் பள்ளிக்கூடக் கதையைச் சொல்ல அங்கேயே நாலு பெரியவர்கள் இருப்பார்கள். 1990-இலிருந்து 94 வரை உங்களை விட்டால் எழுத ஆள் இல்லை. ஆனால் நீங்கள் முதல் அரைப் பக்கத்தை 'பிறந்தவர் இறப்பது இயற்கை' என்று தத்துவம் பேசியே செலவழித்துவிட்டீர்கள். அதைத் தூக்கிப் போடுங்கள். ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) முகாமில் ஆள் இருக்கிறார்களா என்று தணிக்கைக்கு வரும் நாளில், நெய்வேலியில் பாதிச் சுவரை அடித்தபடி விட்டுவிட்டு, பஸ் பிடித்து, டிஸ்டெம்பர் தெறித்த கைலியோடு வரிசையில் வந்து நிற்பாரே தம்பி, பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் பணக்கொடை போய்விடும் என்று? சாயங்காலம் மண்ணெண்ணெய் தொட்டுக் கையைத் தேய்த்துவிட்டு, அந்தக் கையாலேயே உங்கள் சின்னவளைத் தூக்கப் போய்த் திட்டு வாங்குவாரே? அந்தப் பத்தியைத்தான் முதலில் வைக்க வேண்டும். (நெய்வேலி, கடலூர் பக்கம் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், பெயிண்டர் என்று கூப்பிட்டால் பாதி நேரம் முகாம் ஆள்தான் வருவார். அவர்கள் அடித்த சுவருக்குள் இருந்துகொண்டு நாம் அவர்களைப் பற்றிப் பேசுகிறோம்.)

படகுக்காரன் தீடையில் (கடல் நடுவே உள்ள மணல் திட்டு) இறக்கிவிட்டுப் போனதைப் பற்றி ஒரு பக்கத்தில் 'ஒரு ராத்திரி' என்றும் இன்னொரு பக்கத்தில் 'மூன்று நாள் தண்ணீர் இல்லாமல்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டில் எது? அந்தப் படகில் வந்தவர்களில் இன்னும் முகாமில் இருப்பவர்களைக் கேளுங்கள். ஒரு ராத்திரி என்றால் ஒரு ராத்திரி என்றே இருக்கட்டும், அதுவே போதும். வந்த தேதி உங்கள் முகாம் அட்டையில் இருந்தால் அதையே போடுங்கள். இதில் இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் உண்டு. 2005-இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகத்தில் ஈழத்து நினைவு மலர்களையும் கல்வெட்டுகளையும் (இறந்தவர் நினைவாக அடிக்கும் சிறு புத்தகங்கள்) ஸ்கேன் செய்து சேர்த்து வைக்கிறார்கள். நாளைக்கு முகம் தெரியாத யாரோ உங்கள் தம்பியை அதில்தான் படிப்பார்கள். தப்பான வருஷம் போட்டால் அதுவும் நிலைத்துவிடும்.

எந்தப் பாஸ்போர்ட், எந்த ஏஜென்ட், எந்த ஊர் வழியாக என்பது இந்த மலருக்கு எதற்கு? கூடப் போனவர்களின் பெயரும் வேண்டாம், அவர்கள் உயிரோடு இருப்பவர்கள். அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள்.

இனி கொடி. கடிதம் முடிந்து, கையெழுத்துக்குக் கீழே, ஓரத்தில் பொடி எழுத்தில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: 'சின்னவளின் கல்யாணச் செலவு முழுக்க அவன்தான். எனக்கும் புதுக் கொடி செய்து அனுப்பினான்.' மலருக்கு அனுப்பிய பக்கங்களில் இது எங்கே அக்கா? கொடியை விற்றது மூன்று இடத்தில் வருகிறது, திரும்பி வந்தது ஓரிடத்திலும் இல்லை. படிக்கிற மச்சாளுக்கு அது கடன் பத்திரம் மாதிரிதான் தெரியும். புருஷன் போன வீட்டில் நாத்தனார் கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள் என்று நினைத்தால், அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் இரண்டையும் விட்டுவிடுங்கள். எழுதுவதானால் பவுன் கணக்கு வேண்டாம். இவ்வளவு போதும்: 'என் கொடியை விற்றுத்தான் தம்பியை அனுப்பினோம். கொஞ்ச வருஷத்தில் அவன் வேறு கொடி செய்து அனுப்பினான். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.' கடைசி வாக்கியம் நான் சேர்த்தது. நீங்கள் அப்படிச் சொல்லவில்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

இப்படி எழுதிவிட்டால், 'சொந்த முயற்சியால்' என்பதை எடுக்கச் சொல்ல உங்களுக்கு வாயும் வரும். அக்காவுக்குக் கொடி செய்து அனுப்பிய மனிதர், தான் தனியாக உயர்ந்ததாக நினைக்கவே இல்லை. மருமகளிடம் இதைச் சொல்லுங்கள், அவளுக்குப் புரியும். அவள் கேட்டதால்தானே இந்தப் பேச்சே வந்தது.

எல்லாம் சொல்லியும் மச்சாள் மசியவில்லை என்றால்? அப்போதும் கட்டுரையை நிறுத்தி வைக்காதீர்கள். மலர் அவர்கள் வீட்டுப் பொருள். அவர்கள் ஒத்துக்கொள்ளும் அளவுக்குச் சுருக்கி, கீழே உங்கள் பெயர் போட்டுக் கொடுங்கள். முழுசாக எழுதியதை இங்கேயே சின்னப் புத்தகமாக அடிக்கலாம், எட்டுப் பக்கம் என்றால் கடலூரில் எந்த அச்சகத்திலும் செய்து கொடுப்பார்கள். திவசத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் தர்ப்பணம் முடித்து வந்து, முகாமில் வீட்டுக்கு ஒன்று கொடுங்கள். பெரிய ஃப்ளெக்ஸ் எல்லாம் வேண்டாம், அதை நாலாம் நாள் ஆடு தின்றுவிடும்.

மச்சாளிடம் வாட்ஸ்அப்பில் எழுதாமல் ஃபோனில் பேசுங்கள். டொராண்டோ பக்கம் என்றால், கோடைகாலத்தில் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருப்பார்கள். சாயங்காலம் ஆறரைக்குக் கூப்பிட்டால் அங்கே காலை ஒன்பது. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக் கூப்பிடுங்கள், வேலைக்குக் கிளம்பும் அவசரம் இருக்காது.