எல்லைக்கோடு எங்கே ஓடும்?

அன்புள்ள அண்ணாச்சி,

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். உலக நாகரிகங்களை ஒன்பதாகப் பிரித்து வண்ணம் பூசிய, அமெரிக்க அரசியல் அறிஞர் ஹண்டிங்டனின் வரைபடத்தை வகுப்பில் காட்டினேன். இந்தியா முழுக்க 'இந்து' என்று ஒரே வண்ணம், இலங்கை 'பௌத்தம்'. விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவி எழுந்து, "எங்க ஊரு இதுல எங்க சார் இருக்கு?" என்று கேட்டாள். அவள் ஊர் மணப்பாடு, கத்தோலிக்கர்கள் வாழும் கடற்கரை ஊர். உலகப் பண்பாடுகளைச் சரியாகக் காட்டும் வரைபடம் ஏதாவது உண்டா? இல்லையென்றால் எப்படித்தான் வரைவது?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

மாணவியின் கேள்வியைத் தட்டிக்கழிக்காமல் எழுதிக் கேட்டீர்களே, அதற்கு முதலில் நன்றி.

ஹண்டிங்டன் 'நாகரிகங்களின் மோதல்' என்ற தன் கருத்தை 1993இல் கட்டுரையாகவும் 1996இல் நூலாகவும் எழுதினார். பனிப்போர் முடிந்தபின் எந்த நாடு யாரோடு சேரும், யாரோடு மோதும் என்பதுதான் அவருடைய கேள்வி. அது அரசியல் கேள்வி. அதற்கு மதத்தைப் பெரிய அடையாளமாக எடுத்துக்கொண்டார். ஆனால் நூலைப் படித்தால் அவரே பல இடங்களில் தயங்குவது தெரியும். ஆப்பிரிக்க நாகரிகத்தை 'இருக்கலாம்' என்றுதான் பட்டியலில் சேர்க்கிறார். பௌத்தம் பெரிய மதமே தவிர, பெரிய நாகரிகம் எதற்கும் அடித்தளமாக அமையவில்லை என்கிறார். ஆனாலும் படத்தில் அதற்கு ஒரு வண்ணம் கொடுத்திருக்கிறார். இந்தியாவையும் இலங்கையையும் உள்ளுக்குள் பிளவுபட்ட நாடுகள் என்கிறார். இந்தத் தயக்கம் ஒன்றுகூட வண்ணத்தில் வரவில்லை. பிள்ளைகள் பார்ப்பதோ வண்ணத்தை மட்டும். எனக்கு வருத்தம் அதில்தான்.

எத்தனை நாகரிகம் என்ற எண்ணிக்கையே நிலையானது இல்லை. வரலாற்றாசிரியர் டாயின்பி முதலில் இருபத்தொன்று என்றார், தன் நூல்வரிசையில் 1961இல் வந்த கடைசித் தொகுதியில் அந்தப் பட்டியலைத் தானே திருத்தினார்.

சரி, மணப்பாட்டுக்கு வருவோம். 1530களில், மணப்பாடு இருக்கும் முத்துக்குளித்துறைக் கரையின் பரதவர்கள் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்கர் ஆனார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். மதத்தை வைத்து வரைந்தால் மணப்பாட்டிலிருந்து கோடு லிஸ்பனுக்கும் ரோமுக்கும் போகும். உறவுமுறையை வைத்து வரைந்தால் வேறு கதை. மாமன் மகள், அத்தை மகன் என்று முறை பார்ப்பதில் கடற்கரைக் குடும்பத்துக்கும் ஆற்றுப்பாசனத்து விவசாயக் குடும்பத்துக்கும் வித்தியாசம் இல்லை. அந்தக் கோடு ஆந்திரம், கர்நாடகம், இலங்கை வரை போகும். வடக்கே இந்தி பேசும் நாட்டில் இந்துக் குடும்பங்களே மாமன் மகளைத் தங்கையாகப் பார்க்கிறார்கள், கல்யாணம் என்ற பேச்சே கிடையாது. ஆக, ஒரே வண்ணம் பூசிய இந்தியாவை இந்த ஒரு கோடு குறுக்கே வெட்டிவிடுகிறது.

இன்னும் வளமான இடம், முஸ்லிம்கள் நிறைந்த காயல்பட்டினம். (மணப்பாடும் காயலும் இன்று தூத்துக்குடி மாவட்டம். 1986 வரை நெல்லை மாவட்டம்தான், நான் இன்னும் நெல்லைச் சீமை என்றே சொல்வேன்.) அங்கே கல்யாணமான பெண் பிறந்த வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், வீடு மகளுக்கு. இதே வழக்கம் கீழக்கரையில் உண்டு. இலங்கையின் கிழக்குக் கரையில் முஸ்லிம்களிடமும் உண்டு, அவர்களுக்குப் பக்கத்திலேயே வாழும் தமிழ் இந்துக்களிடமும் உண்டு. அப்புறம் சமயச் சட்டம். காயல்காரர்கள் ஷாஃபி மத்ஹபை, அதாவது இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்றைப் பின்பற்றுகிறவர்கள். வட இந்திய முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஹனஃபி என்ற இன்னொரு மரபு. ஷாஃபி இருக்கும் இடங்களை ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்துப் பாருங்கள்: ஏமன், மலபார், காயல், இலங்கை, மலாயா, சுமத்ரா, ஜாவா. எல்லாம் கப்பல் போன வழி. நிலத்துக்கு மட்டும் வண்ணம் பூசுகிறவருக்கு இந்தத் தொடர்பு கண்ணிலேயே படாது, ஏனென்றால் அவர் படத்தில் கடல் வெறும் காலியிடம்.

மேற்கே மலைக்கணவாயிலும் இப்படித்தான். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. ஆனால் நெல்லையின் பழைய ஆவணங்களில் கேரளத்தின் கொல்லம் ஆண்டுக் கணக்கு மலைக்கு இந்தப் பக்கமும் தாராளமாக வரும். அரசியல் எல்லை ஒரு நாளில் நகர்ந்தது, ஆண்டுக் கணக்கு அதற்கு நெடுங்காலம் முன்பே மலையைத் தாண்டிவிட்டது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. வட அமெரிக்கப் பழங்குடிகளின் பண்பாட்டுப் பகுதிகளை வரைந்த மானிடவியலாளர் குரோபர், 1939இல் வந்த தன் நூலில் ஒன்றை ஒளிக்காமல் சொன்னார். இப்படிப்பட்ட படங்களில் முதலில் கண்ணில் படுவதும் எல்லைக்கோடுதான், மிகவும் பலவீனமானதும் எல்லைக்கோடுதான் என்று. ஒரு பண்பாட்டின் மையம் எது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். ஓரம் என்பது நெல்லையிலிருந்து கோவில்பட்டி போகும் வழியில் செம்மண் கரிசலாக மாறுவதுபோல, எந்த மைல்கல்லில் மாறியது என்று யாரும் காட்ட முடியாது.

சரியான வழி எனக்குத் தெரிந்து ஒன்றுதான். ஒரு படத்தில் ஒரே ஒரு வழக்கத்தை மட்டும் வரையுங்கள். பிரான்சில் ஜில்லியரோன் என்ற மொழியியலாளர் மொழிவழக்குகளுக்கு அதைத்தான் செய்தார். அவருக்காக எட்மான் என்பவர் 1897 முதல் 1901 வரை 639 ஊர்களுக்கு நேரில் போய், ஒரே கேள்விகளைக் கேட்டு எழுதிவந்தார். படங்களாகப் போட்டபோது ஒவ்வொரு சொல்லின் எல்லையும் வெவ்வேறு பாதையில் ஓடியது. பல கோடுகள் கூடி நெருக்கமாக ஓடுகிற இடம் இருந்தால் அங்கே ஓர் எல்லை உண்டு என்று சொல்லலாம். கலைந்து சிதறுகிற இடத்தில் எல்லை என்று எதையும் சொல்லக்கூடாது. நம் சீமை முழுக்கவே சிதறுகிற இடம். பிழையால் அப்படி ஆகவில்லை. கடலும் கணவாயும் ஆறும் ஒரே சீமைக்குள் இருந்தால் அப்படித்தான் ஆகும்.

வகுப்பில் ஹண்டிங்டன் படத்தை எடுத்துவிட வேண்டாம். அதன்மேல் 1996 என்று பெரிதாக எழுதி, எந்தக் கேள்விக்காக வரைந்தது என்பதையும் ஒரு வரி எழுதி மாட்டுங்கள். பக்கத்தில் தென்னிந்தியா, இலங்கை, அரபிக்கடல், வங்கக்கடல் எல்லாம் அடங்கிய ஒரு வெறும் படம். அதன்மேல் டிரேசிங் தாள்கள், ஒரு தாளுக்கு ஒரு வழக்கம்: கல்யாணத்துக்குப் பின் யார் யார் வீட்டுக்குப் போகிறார்கள், இறந்தவரைப் புதைப்பதா எரிப்பதா, வீட்டில் என்ன மொழி. கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளை இருந்தால் வீட்டில் தெலுங்கு என்று சொல்லக்கூடும், அதையும் குறியுங்கள். முதல் தாளுக்கு உறவுமுறையை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் ஆச்சியிடம் கேட்டாலே தகவல் வந்துவிடும். சாதிப் பெயர் யாரிடமும் கேட்க வேண்டாம். ஊர்ப் பெயரும் முறையும் போதும்.