மேக்னம் இல்லாமல் வேட்டை நடக்காதா?

வாசகர் கேள்வி – பதில்

நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிந்துவிட்டது. ஆனால் செட்டிநாட்டுப் பிள்ளைகள் இருக்கும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் லைசென்ஸ் வாங்கி முறைப்படி வேட்டைக்குப் போகலாம். அங்கிருந்து வீட்டுக்கு வரும் கேள்விகளும், இங்கே பெட்டகத்தில் கிடக்கும் பழைய துப்பாக்கிகளைப் பற்றிய கேள்விகளும் இந்த இதழில் சேர்ந்து வருகின்றன. மேக்னம் என்பது வழக்கத்தைவிட அதிக வெடிமருந்து பிடிக்கும் தோட்டா.

கேள்வி: என் மகன் டென்வரில் வேலை பார்க்கிறான். அக்டோபரில் எல்க் (பெரிய மான் வகை) வேட்டைக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. கையில் .30-06 ரைஃபிள் இருக்கிறது. கூட வேலை பார்ப்பவர்கள் .300 வின்செஸ்டர் மேக்னம் இல்லாமல் எல்க் விழாது என்கிறார்களாம். புதிதாக வாங்கத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகி, காரைக்குடி

வேண்டாம் ஆச்சி. இருப்பதே தாராளம். அந்தப் பணத்தில் தோட்டா வாங்கிப் பழகச் சொல்லுங்கள்.

கணக்கைப் பார்ப்போம். (.30-06, .300 இரண்டிலும் குண்டின் விட்டம் ஏறக்குறைய 0.3 அங்குலம்.) .30-06 தோட்டா 180 கிரெயின் குண்டை (ஏறக்குறைய 11.7 கிராம்) விநாடிக்கு 2,700 அடி வேகத்தில் அனுப்புகிறது. அதே குண்டை .300 மேக்னம் 2,960 அடி வேகத்தில் அனுப்பும். வேகத்தில் கூடுவது பத்தில் ஒரு பங்கு. அதற்கு எரிகிற வெடிமருந்தோ கால் பங்குக்கு மேல் அதிகம். ஸ்கோப்பை 200 கெஜத்துக்குச் சரிசெய்து வைத்தால், 300 கெஜத்தில் .30-06 குண்டு எட்டு அங்குலம் சொச்சம் இறங்கும். மேக்னம் குண்டு ஏழு அங்குலம் இறங்கும். இரண்டு விரற்கடைக்குள் அடங்கும் வித்தியாசம் இது. எல்க்கின் நெஞ்சில் நுரையீரலும் இதயமும் இருக்கும் இடம் ஒரு சாணுக்கு மேல் உயரம். அந்த மிருகத்துக்கு இந்த இரண்டு விரற்கடை தெரியவே தெரியாது.

சுடுகிறவர் தோளுக்குத்தான் வித்தியாசம் தெரியும். எட்டு பவுண்டு எடையுள்ள ரைஃபிளில் .30-06 சுமார் 20 அடி-பவுண்டு (ஆற்றலை அளக்கும் அலகு) உதைக்கும். மேக்னத்தின் உதை அதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். குழல் முனையில் வெடிச்சத்தமும் கூடுதல். நாலு தோட்டா போனதும் உடம்பு முந்திக்கொள்ளும்: விசையை இழுக்கும் கணத்தில் கண் மூடும், தோள் முன்னே தள்ளும், குழல் தாழும். குழல் முனை ஒரே ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்தால் 200 கெஜத்தில் குண்டு ஒரு சாண் கீழே போகும். நெஞ்சுக்கு வைத்த குறி முன்னங்காலை முறிக்கும். அந்த மிருகம் ஓடி, எங்கோ புதரில் இரண்டு நாள் கிடந்து சாகும். எங்களுக்கு இந்த விஷயத்தில் இருக்கும் அக்கறையே அந்த இரண்டு நாளைப் பற்றியதுதான்.

உங்கள் மகனிடம் உடம்பு முந்திக்கொள்ளும் பழக்கம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சுடுகளத்தில் நண்பர் ஒருவரை ரைஃபிளுக்குத் தோட்டா போடச் சொல்ல வேண்டும். ஐந்து முறைக்கு இரண்டு முறை உயிர்த்தோட்டாவுக்குப் பதில், மருந்தில்லாத பயிற்சித் தோட்டாவை இவருக்குத் தெரியாமல் போட வேண்டும். 'க்ளிக்' என்று மட்டும் சத்தம் வரும்போது குழல் முனை அசையாமல் நின்றால் நல்லது. குழல் தலையாட்டினால் .308 அல்லது .22-க்கு இறங்கி, அந்தப் பழக்கம் போகும்வரை பழக வேண்டும்.

அடுத்தது, தூரத்துக்கு எல்லை வைப்பது. எட்டு அங்குலத் தட்டு ஒன்றை 100 கெஜத்தில் வைத்து, மேஜையில் சாய்க்காமல், முழங்காலிட்டும் உட்கார்ந்தும் ஐந்து குண்டு சுட வேண்டும். ஐந்தும் தட்டில் விழுந்தால் 150, பிறகு 200 என்று தள்ளிப் போகலாம். ஒன்று தவறினாலும் அதற்கு முந்தைய தூரமே அவருடைய எல்லை. பலருக்கு அது 200-இல் நிற்கும். 200 கெஜத்தில் நிற்கிறவருக்கு, 500 கெஜத்துக்கென்று செய்த தோட்டா எதற்கு?

குண்டைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஈயமும் செம்பு உறையும் பிணைந்த குண்டு, நடுவில் தடுப்புச் சுவர் உள்ள குண்டு, முழுச் செம்புக் குண்டு இவற்றில் ஒன்றை 165 முதல் 180 கிரெயினுக்குள் வாங்கட்டும். டென்வர் இருக்கும் கொலராடோ மாநிலச் சட்டம் எல்க்குக்குக் குறைந்தபட்சமாகக் கேட்பது .24 காலிபர் (குண்டின் விட்டம், அங்குலத்தில்), 85 கிரெயின் விரியும் குண்டு, 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல். .30-06 அங்கே அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கொண்டுபோகும். பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு மேலாடை 500 சதுர அங்குலம், அதே நிறத் தொப்பி, இரண்டும் அங்கே கட்டாயம். மறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: தம்பி டெக்சாஸில் 7 எம்எம் ரெமிங்டன் மேக்னத்தில் மான் அடித்தான். முன்சப்பை முழுக்க ரத்தம் கட்டிக் கருத்துப்போய், கறி பாதி வீணானதாம். ஏன்?
– ஒரு வாசகர், புதுவயல்

கிட்டத்தில் அதிவேகம். மென்மையான சாதாரண குண்டு 3,000 அடி வேகத்தில் 60, 70 கெஜத்தில் சப்பை எலும்பில் மோதினால் உடைந்து சிதறும். சுற்றியுள்ள தசையில் ரத்தம் பரவிக் கூழாகிவிடும். அந்தக் கறியை எத்தனை தண்ணீரில் அலசினாலும் கவிச்சை போகாது, வெட்டி எறிய வேண்டியதுதான். இதைவிட மோசம், பெரிய மிருகமாக இருந்தால் குண்டு சப்பையிலேயே நொறுங்கி நுரையீரல்வரை போகாமலே நின்றுவிடும்.

இரண்டு மாற்றம் போதும். குண்டு 150 முதல் 160 கிரெயினில் பிணைப்புள்ளதாக இருக்கட்டும். குறி சப்பை எலும்புக்குப் பின்னால், விலாவில், உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு மேலே இருக்கட்டும். டெக்சாஸில் தீவன மேடைக்கு எதிரே உட்கார்ந்து நூறு கெஜத்துக்குள் சுடுகிறவர் .243 அல்லது 7x57 போன்ற மேக்னம் அல்லாத சிறு தோட்டா எடுத்தாலே மான் நின்ற இடத்தருகில் விழும், கறியும் மிஞ்சும்.

கேள்வி: புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் வைத்திருந்தது மேக்னமா?
– ஒரு மாணவர், பள்ளத்தூர்

இல்லை தம்பி. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907-இல் அவருக்குப் பரிசாகக் கிடைத்தது .275 ரிக்பி. ஜெர்மானிய 7x57 மவுசர் தோட்டாவுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர்தான் .275. பெரிய புலிகளுக்கு .450/400 இரட்டைக்குழலையும் அவர் எடுத்துப்போனார். ஆப்பிரிக்காவில் வேட்டைக்காரர் டபிள்யூ.டி.எம். பெல் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். அதில் பெரும்பகுதி இதே 7x57-இல். யானை மண்டையோட்டை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து, மூளை எந்தக் கோணத்தில் எங்கே இருக்கிறது என்று படித்த பிறகே அவர் அப்படிச் சுட்டார். எத்தனை யானை என்பதில் பெருமை ஒன்றுமில்லை. இடம் தெரிந்தவனுக்குச் சிறு குண்டு போதும் என்ற அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்.

கேள்வி: அப்படியானால் மேக்னம் வெறும் விளம்பரம்தானா? அண்ணன் மகன் ஆஸ்திரேலியாவில் டார்வினில் இருக்கிறான், காட்டெருமை சுடப் போக ஆசைப்படுகிறான்.
– ஒரு வாசகர், தேவகோட்டை

அப்படிச் சொல்லவே மாட்டோம். எருமைக்கு மேக்னம்தான் வேண்டும், அதுவும் பழைய ஒன்று: 1912-இல் ஹாலந்து அண்டு ஹாலந்து என்ற ஆங்கிலேயத் துப்பாக்கி நிறுவனம் கொண்டுவந்த .375. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் ஆபத்தான பெருவிலங்குக்கு இதுதான் குறைந்தபட்ச அளவு. 300 கிரெயின் குண்டு, வேகம் 2,530 அடி. பாருங்கள், வேகம் .30-06-ஐ விடக் குறைவு. இங்கே வேலை செய்வது குண்டின் எடையும் ஆழமும். எருமை விலாவும் சப்பையும் அத்தனை கனம். கூடவே அதே பயணத்தில் காட்டுப்பன்றி சுடுவதானால் .308 ஒன்று தனியாக இருப்பது நல்லது.

லத்தீனில் 'மேக்னம்' என்றால் பெரியது. ஒன்றரை லிட்டர் ஷாம்பெயின் புட்டிக்கும் அதே பெயர். அந்த .375 தோட்டாவின் அடியில் இருக்கும் பட்டையைப் பலத்துக்காக வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். .375 கூடு கயிறு போன்ற கார்டைட் மருந்துக்காகச் சரிவாகச் செய்யப்பட்டது, தோள் (கூடு கழுத்தாகக் குறுகும் இடம்) மிகச் சிறியது. தோட்டா அறைக்குள் அளவுக்கு மீறிப் போகாமல் நிறுத்த ஒரு பிடி வேண்டியிருந்தது, அதுதான் பட்டை. 1950, 60-களில் வந்த .338, .300 வின்செஸ்டர், 7 எம்எம் ரெமிங்டன் மேக்னங்களுக்கு நல்ல தோள் இருந்தும் பட்டை ஒட்டிக்கொண்டது.

இன்னொரு இடமும் மேக்னத்துக்கு உண்டு: மறைவே இல்லாத மலைச்சரிவு, 400 கெஜத்துக்கு அப்பால், அந்தத் தூரத்தில் உண்மையாகவே பழகிய கை. அதற்கு 24 அங்குலத்துக்குக் குறையாத குழல் வேண்டும். குட்டைக் குழலில் மருந்தின் ஒரு பகுதி முனைக்கு வெளியே எரியும். வேகம் போய்விடும், சத்தமும் நெருப்பும்தான் மிச்சம்.

கேள்வி: ஐயா காலத்து ரைஃபிள் ஒன்று இரும்புப் பெட்டியில் இருந்தது. குழலில் '375 மேக்னம்' என்று இருக்கிறது. தோல் வாரில் பத்துப் பன்னிரண்டு தோட்டா செருகியிருக்கிறது. சுத்தம் செய்து வைக்கலாமா?
– ஒரு வாசகர், கானாடுகாத்தான்

முதலில் கையை எடுத்துவிடுங்கள். லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வீட்டில் வைத்திருப்பதே குற்றம். காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவித்து, அங்கேயோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலேயோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாரிசு என்ற முறையில் உரிமம் கேட்கும் மனுவைச் சிவகங்கை கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிதான், முன்பு மூன்று. கதவு, தூண், சாமான் விற்பது போலப் பழம்பொருள் கடையில் கொடுத்துவிடாதீர்கள்.

தோட்டாவைப் பித்தளைச் செம்பு போல எண்ணிப் புளி போட்டு ஊறவைக்க வேண்டாம். புளிப்பு துத்தநாகத்தைக் கரைத்து வெளியே எடுத்துவிடும், கூடு செம்பாகச் சிவந்து பலம் இழக்கும். தோல் வாரில் கிடந்த பித்தளையில் ஏற்கெனவே பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், கழுத்தில் முடிபோல் வெடிப்பும் இருக்கலாம். எண்ணெயில் ஊறவைத்தால் செத்துவிடும் என்பதும் தவறு. கேப் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) அப்படியெல்லாம் சாகாது. அதையும் போலீசிடமே கொடுங்கள்.

புதுத் தோட்டா வாங்கும் நினைப்பிருந்தால், .375 மேக்னத்தில் இரண்டு வகை உண்டு என்று தெரிந்திருக்க வேண்டும். பட்டையுள்ளது மேகசின் ரைஃபிளுக்கு, அழுத்தம் அதிகம். அடியில் விளிம்புள்ளது இரட்டைக்குழலுக்கு, அழுத்தம் குறைவு. ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது. துப்பாக்கிப் பழுதாளர் போல்ட்டை (குழலின் பின்பக்க அடைப்பை) கழற்றி, பின்பக்கம் விளக்கைப் பிடித்துக் குழலைப் பார்க்கட்டும். நம் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்த குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும். அதைக் கவனிக்காமல் சுட்டால் குழல் வெடித்து முகத்துக்கு வரும்.

கேள்வி: பன்றி கடலையைத் தோண்டிவிடுகிறது. லைசென்ஸ் உள்ள .315 ரைஃபிள் இருக்கிறது. சுடலாமா?
– ஒரு விவசாயி, சிங்கம்புணரி

கூடாது. உங்கள் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்க. பன்றி சுட அல்ல. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் மட்டுமே சுடலாம், அதையும் பயிற்சி பெற்ற வனத்துறையினர்தான் செய்வார்கள். ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விடுவார்கள். சேதத்தைப் போட்டோ எடுத்து, விஏஓ சான்றோடு வனச்சரகரிடம் மனுக் கொடுங்கள்; நிவாரணம் பற்றியும் அங்கேயே கேளுங்கள்.