சாலையோர 12 சென்ட் யாருடையது?

கேள்வி: பண்ருட்டி பக்கத்துக் கிராமத்தில் வீடு கட்ட 12 சென்ட் பேசி, 18 லட்சத்தில் 5 லட்சம் முன்பணம் கொடுத்துக் கிரய ஒப்பந்தமும் பதிவு செய்துவிட்டேன். விற்பவரின் அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய 48 சென்ட்டில் சாலையோரப் பகுதி இது. அப்பா 2014-ல் உயில் எழுதாமல் இறந்தார். அம்மாவும் இரண்டு அக்காக்களும் இருக்கிறார்கள். பட்டா இவர் பெயரில். இப்போது அக்காக்களிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. கல்யாணத்தில் 40 பவுன் வாங்கிக்கொண்டு போனவர்கள்! நான் மனைவியின் நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம் இது. என்ன செய்வது?
- நெல்லிக்குப்பம் வாசகர்

பதில்: 40 பவுனையும் அடகு நகையையும் ஒதுக்கி வையுங்கள். சீர் வாங்கியதால் மகளின் பங்கு போகாது. பட்டாவும் உதவாது, அது வருவாய்த்துறைக் கணக்கு, உரிமைப் பத்திரம் அல்ல.

பார்க்க வேண்டியது ஒன்றுதான்: 48 சென்ட்டும் பாகம் பிரிந்ததா? இந்து வாரிசுரிமைச் சட்டம் 8-ஆம் பிரிவுப்படி அம்மா, மகன், இரண்டு மகள்கள் ஆளுக்குக் கால் பங்கு. (2014-ல் அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்திருந்தால் ஐந்து பங்கு. வாரிசுச் சான்றிதழில் பாட்டியை விட்டுவிடுவது வாடிக்கை, விசாரியுங்கள்.)

"என் பங்கு 12 சென்ட்டைத்தானே விற்கிறேன்" என்பார் அவர். கணக்கு சரி, இடம்தான் தப்பு. பிரிக்காத சொத்தில் 48 சென்ட்டின் ஒவ்வோர் அடியிலும் அவருக்குக் கால் பங்கு இருக்கிறது. நான்கு எல்லை போட்டு, சாலையோரம் என்னுடையது என்று எழுத அவருக்கு அதிகாரம் இல்லை.

மாட்டிக்கொள்கிறவர்கள் போகும் வழி எப்போதும் ஒன்றுதான். பத்திரம் பதிவாயிற்று, பட்டா மாறிற்று என்று கடைக்கால் போடுவார்கள். மறுவாரம் பாகப்பிரிவினை வழக்கும் இடைக்காலத் தடையும் வரும். யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை முடிந்து, எந்த இடம் யாருக்கு என்று பிரிக்கும் இறுதித் தீர்ப்பாணைக்காக, நீதிமன்றம் அனுப்பும் வக்கீல் கமிஷனர் அளக்க வருவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். கமிஷனர் சென்ட்டை மட்டுமல்ல, மதிப்பையும் பார்ப்பார். சாலைமுகப்பில் 8 சென்ட், உள்ளே 12 சென்ட்டுக்குச் சமம் என்று ஆகலாம். அந்தச் சாலையோரத்தையே ஒதுக்கும்படி நீங்கள் வேண்டிக்கொள்ளலாம், உரிமையாகக் கேட்க முடியாது. நோட்டீஸ் வந்தபின் கட்டிய சுவருக்கு அனுதாபமும் கிடைக்காது. சாலையோரமே கிடைத்தாலும், பின்மனைக்காரருக்கு வேறு வழி இல்லையென்றால் பாதை உங்கள் மனைக்குள்தான் போகும்.

பலர் கவனிக்காத ஒன்று அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. வாரிசு ஒருவர் தன் பங்கை வெளியாருக்கு விற்க முனைந்தால், "எங்களுக்கே கொடு" என்று மற்ற வாரிசுகள் கேட்கலாம். விலை ஒத்துவராவிட்டால் நீதிமன்றம் நிர்ணயிக்கும்.

அக்காக்களைச் சாட்சியாகக் கையெழுத்துப் போட வைக்கலாம் என்று புரோக்கர் யோசனை சொல்வார். சாட்சிக் கையெழுத்து பங்கை மாற்றாது. முத்திரைத்தாளில் எழுதி வாங்கும் 'ஆட்சேபணை இல்லை'யும் அப்படித்தான். பங்கை விட்டுக்கொடுக்கப் பதிவான விடுதலைப் பத்திரம் வேண்டும்.

வழக்கு ஆசை வேண்டாம், சமரசம் பேசுங்கள். அம்மாவும் அக்காக்களும் கிரயப் பத்திரத்தில் எழுதிக்கொடுப்பவர்களாகவே சேரட்டும். அதற்காக ஒன்றிரண்டு லட்சம் கூடப் போனாலும் லாபம்தான். இல்லையென்றால் முதலில் பதிவான பாகப்பிரிவினை, அதில் பின்மனைக்குப் பாதை, புல வரைபடத்தில் உட்பிரிவு, அதன்பிறகு கிரயம். அதுவரை மீதி 13 லட்சத்தில் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஒப்பந்தக் கெடு முடியுமுன் நீட்டிப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். நிலம் கணக்கில் புன்செய் என்றால் நில உபயோக மாற்றம் தனி வேலை, அது பிறகு.

எதற்கும் அவர்கள் மசியவில்லையென்றால் விற்பவரிடம் முன்பணத்தைத் திரும்பக் கேளுங்கள். ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரி வழக்குப் போடுவதானால், முன்பணம் திரும்ப வேண்டும் என்ற மாற்றுப் பரிகாரத்தையும் மனுவில் தனியாகக் கேட்க வேண்டும். கேட்காததை நீதிமன்றம் தராது. ஒப்பந்தக் கெடுத் தேதியிலிருந்து 3 ஆண்டுதான் அவகாசம்.