மியாட்டாவுக்கு 1,800 டாலர் டூல்ஸ்: உண்மையில் மிச்சம் எவ்வளவு?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். என் கணவர் போன வருடம் 7,000 டாலருக்கு 1997 மாடல் மாஸ்டா மியாட்டா வாங்கினார். இரண்டே சீட். ஓடியிருப்பது 96,000 மைல். நாங்கள் வருடத்துக்கு 4,000 மைல் ஓட்டினால் அதிகம். டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் மாற்ற 1,150 டாலர், நான்கு சக்கர பிரேக் வேலைக்கு 850 டாலர் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். “எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன், பத்து வருஷத்தில் பத்தாயிரம் மிச்சம்” என்கிறார் இவர். அதற்காக 1,800 டாலருக்கு டூல்ஸ் பட்டியல் போட்டு, கிரெடிட் கார்டில் வாங்கப் போகிறார். அவசரத் தேவைக்கு நான்கு மாதச் செலவுப் பணம் தனியாக இருக்கிறது. இது உண்மையிலேயே சேமிப்புதானா, ஐயா?

பதில்: பாதி சேமிப்பு, மீதி ஆசை. ஆசை தப்பில்லை அம்மா, அதைச் சேமிப்புக் கணக்கில் எழுதுவதுதான் தப்பு.

பத்தாயிரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். வருடம் 4,000 மைல் என்றால் ஆயில் மாற்றுவது ஒரு தடவைதான். அதில் 40 டாலர் மிச்சமாகலாம், பத்து வருடத்தில் 400. பெல்ட் வேலையில் சாமான் செலவு போக சுமார் 900, அதுவும் ஒரே ஒரு தடவை. பிரேக்கில் 600. கூலன்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில், ஸ்பார்க் பிளக் எல்லாம் சேர்த்து ஓர் ஆயிரம். ரேடியேட்டர், கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் மாதிரி இந்த வண்டியில் வழக்கமாகப் போகும் சாமான்களுக்கு 900 போடுங்கள். கூட்டினால் 3,800. இது என் உத்தேசக் கணக்கு, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் எப்படி இழுத்தாலும் பத்தாயிரத்தைத் தொடாது. குறைவாக ஓடும் வண்டியில் மிச்சமும் குறைவுதான். 1,800 டாலர் டூல்ஸைக் கழித்தால் வருடத்துக்கு 200 டாலர் நிற்கும். கார்டு பாக்கியை மாதா மாதம் தள்ளிக்கொண்டே போனால் அதையும் வட்டி தின்றுவிடும்.

ஆகவே பட்டியலைச் சுருக்கச் சொல்லுங்கள். நல்ல ஃப்ளோர் ஜாக், தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஜாக் ஸ்டாண்ட் நான்கு, மில்லிமீட்டர் அளவு சாக்கெட் செட், போல்ட்டைச் சரியான அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரென்ச், ஆலன் கீ செட். 400 டாலருக்குள் முடிந்துவிடும். ஜாக் ஸ்டாண்டில் மட்டும் சிக்கனம் வேண்டாம். வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. எப்போதாவது தேவைப்படும் டூல்ஸை ஆட்டோஸோன் மாதிரி கார் சாமான் கடைகளில் டெபாசிட் கட்டி எடுத்து வரலாம், திருப்பிக் கொடுத்தால் பணம் முழுசாக வந்துவிடும். பழைய எஞ்சின் ஆயிலையும் அங்கேயே வாங்கிக்கொள்வார்கள்.

அடுத்தது டைமிங் பெல்ட், அதாவது எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் ரப்பர் பெல்ட். மெக்கானிக்குக்குச் சம்மதம் சொல்லும் முன் பழைய ஓனர் கொடுத்த ரசீதுகளைத் தேடுங்கள். 60,000 மைலுக்கு ஒரு தடவை மாற்றவேண்டிய பெல்ட் இது. 60,000-இல் மாற்றியிருந்தால் அடுத்தது 120,000-இல்தான். உங்கள் ஓட்டத்துக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. ஆனால் ரப்பருக்கு வயதும் ஒரு கணக்கு, அதனால் மைலோடு தேதியையும் பாருங்கள். ரசீதே இல்லையென்றால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். இந்த 1.8 லிட்டர் எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் இடித்துக்கொள்ளாது, வண்டி வழியில் நின்றுவிடும், அவ்வளவுதான். அதனால் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய வேலைதான். இருந்தாலும் முதல் வேலையாக அதில் கை வைக்க வேண்டாம் என்பேன்.

பிரேக்கில் ஆரம்பிக்கலாம், கூடவே அனுபவப்பட்ட ஒருவர் நின்றால். பின் சக்கரத்தில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. புது பிரேக் பேட் நுழைவதற்காக, பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரின் பிஸ்டனை கிளாம்ப் போட்டு அமுக்குவார்கள், அது அசையாது. காலிப்பரின் பின்பக்கம் ஒரு போல்ட் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, உள்ளே 4 மில்லிமீட்டர் ஆலன் கீயை விட்டு இடப்பக்கமாகத் திருப்பினால் பிஸ்டன் தானாக உள்ளே போகும். இது தெரியாமல் அமுக்கி காலிப்பரைக் கெடுத்துக்கொண்டால் மிச்சம் பிடித்த பணம் அதிலேயே போய்விடும்.

காசே செலவில்லாத வேலை ஒன்றும் இருக்கிறது, என் கணக்கில் அதுதான் பெரிய சேமிப்பு. துணிக்கூரையில் விழும் மழைத்தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள துளைகள் வழியாக இறங்கும். இலையும் தூசியும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குக் கீழே ‘சில்’ (sill) என்னும் இரும்புப் பகுதியில் தேங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். நியூ ஜெர்சியில் குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு வேறு. வெட்டி, வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்து முடிப்பதற்குள் ஆயிரக்கணக்கில் போய்விடும். புல் வெட்டும் மெஷினில் போடும் நைலான் கயிற்றை வருடம் இரண்டு தடவை அந்தத் துளைகளில் விட்டு எடுத்தால் போதும்.

மிச்சமாகும் பணம் எங்கே போகிறது என்பதும் முக்கியம். சொந்தமாக வேலை பார்ப்பவர்கள் பலர் மிச்சத்தை சஸ்பென்ஷன், சைலன்சர், அலாய் வீல் என்று அதே வண்டியில் திருப்பிப் போட்டுவிடுவார்கள். மியாட்டா 2016-லேயே பத்து லட்சம் தயாரிப்பைத் தாண்டிய வண்டி. அதனால் சாமான் மலிவு, ஆசை காட்டும் சாமான் அதைவிட நிறைய. ஒரு வேலை முடிந்த அன்றே, மெக்கானிக் கேட்ட தொகையில் சாமான் விலையைக் கழித்து, மீதியைத் தனி சேவிங்ஸ் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். பிரேக் என்றால் 850-இல் சாமான் 250 போக 600. மாற்ற மனசு வரவில்லை என்றால் அது சேமிப்பு இல்லை, பொழுதுபோக்கு. அப்போது பொழுதுபோக்குக்கு மாதம் இவ்வளவு என்று இருவரும் பேசி ஒரு தொகை வையுங்கள், அதற்குள் அவர் என்ன வேண்டுமானாலும் வாங்கட்டும். அவசரப் பணத்தை மட்டும் தொட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. உங்களுடையது டவுன்ஹவுஸ் என்றால், டிரைவ்வேயில் வண்டியைத் தூக்கி நிறுத்தி வேலை பார்க்க அசோசியேஷன் விதிகளில் இடம் இருக்கிறதா என்று ஜாக் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். அபராதம் வந்தால் அதையும் இந்தக் கணக்கில்தான் எழுத வேண்டியிருக்கும்.