அலிஷர் குணமான பிறகு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜிம்னாஸ்ட் ஒக்சானா சுசோவிடினா பற்றி நீங்கள் எழுதியதை என் மகளுக்குப் படித்துக் காட்டினேன். மகனின் சிகிச்சைக்காகவே அந்தத் தாய் விடாமல் போட்டியிட்டார் என்ற இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகளோ, "பையனுக்குத்தான் சரியாயிடுச்சே, அப்புறமும் ஏன் குதிக்கிறாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

எஸ்.ஆர்.

அன்புள்ள எஸ்.ஆர்.,

உங்கள் மகள் சரியான இடத்தில் பிடித்துவிட்டாள். தாயின் கதையில் மனம் ஒன்றிப்போய், வீராங்கனையின் கதையை நான் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

2002-ல் குழந்தை அலிஷருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும், குடும்பம் சிகிச்சைக்காக உஸ்பெகிஸ்தானிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகருக்குப் போனது. பரிசுப் பணம் மருத்துவத்துக்குப் போனது. 2006 முதல் ஜெர்மனிக்காகவே ஆடினார். இதெல்லாம் உண்மை. ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை. 1975-ல் புகாராவில் பிறந்தவர், 13 வயதில் சோவியத் ஜூனியர் சாம்பியன். 1991-ல் தரைப்பயிற்சியில் உலக சாம்பியன். மறு ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் அணித் தங்கம். அலிஷர் பிறந்தது 1999-ல்தான்.

ஓடிவந்து மேசையைத் தாண்டும் 'வால்ட்' அவருடைய தனி உலகம். 25 மீட்டர் வரை ஓட்டம், ஸ்பிரிங்போர்டில் இரண்டு காலும் சேர்ந்து ஒரு மிதி, ஒன்றேகால் மீட்டர் உயர மேசையில் கை பட்டதும் ஒரு தள்ளு. கை கொஞ்சம் தாமதித்தாலும் ஓடி வந்த வேகம் அங்கேயே செத்துவிடும், உயரம் கிடைக்காது. அப்புறம் காற்றில் சுழற்சி, கடைசியில் மொத்த அடியையும் வாங்குவது கணுக்காலும் முழங்காலும். தரைப்பயிற்சியில் ஒன்றரை நிமிடம் வரை களைக்காமல் ஆட வேண்டும். வால்ட் சில நொடிகளில் முடிந்துவிடும். வயதானாலும் வேகமும் துல்லியமும் கைவிடாதவருக்கு அதில் இடம் உண்டு. அந்த இடத்தை அவர் விடவே இல்லை. 2001-ல், தாண்டுவதற்கு வைத்திருந்த பழைய 'குதிரை' என்ற சாதனம் போய் இன்றைய மேசை வந்தது, 2006-ல் பத்துக்குப் பத்து மதிப்பெண் முறையே போனது. இரண்டையும் தாண்டி வந்தார்.

2008 பெய்ஜிங்கில் வால்ட்டில் வெள்ளி, 33 வயதில். ஒலிம்பிக்கில் தனிநபராக அவர் வாங்கிய முதல் பதக்கம் அதுதான். அந்தச் சமயத்தில் அலிஷரும் குணமாகிவிட்டான். உங்கள் மகள் கேட்பது போல அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. 2012-ல் லண்டன். பிறகு மறுபடி உஸ்பெகிஸ்தானுக்காக 2016-ல் ரியோ.

ரியோ வால்ட் இறுதிப் போட்டியின் காணொளியை இருவரும் சேர்ந்து பாருங்கள். 41 வயதில் அவர் முயன்றது ப்ரொடுனோவா என்ற வால்ட். மேசையிலிருந்து எழும்பி முன்பக்கமாக இரண்டு குட்டிக்கரணம். தரை கண்ணில் படாமலே கால் ஊன்ற வேண்டும். சுழற்சி கூடிப்போய் முன்னால் உருண்டுவிட்டார், ஏழாவது இடம். நம் இந்திய வீராங்கனை தீபா கர்மாகர் அதே வால்ட்டைச் செய்து, 0.15 புள்ளியில் வெண்கலத்தைத் தவறவிட்டதும் அதே போட்டியில்தான். தீபா பிறப்பதற்கு ஓராண்டு முன்பே சுசோவிடினாவிடம் ஒலிம்பிக் தங்கம் இருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

எட்டாவது ஒலிம்பிக் டோக்கியோ. அப்போது வயது 46, கோவிட் காலம், பார்வையாளரே இல்லை. இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறவில்லை. ஆனாலும் அரங்கில் இருந்த மற்ற வீராங்கனைகளும் பயிற்சியாளர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள், அவர் அழுதார். ஓய்வு என்றும் சொன்னார். பிறகு திரும்பி வந்து பாரிஸுக்கும் முயன்றார், காயம் தடுத்துவிட்டது.

மகனுக்காகக் குதித்தது சில ஆண்டுகள். அதற்கு முன்னும் பின்னும் குதித்தது, அந்த ஓட்டமும் அந்தத் தள்ளும் பிடித்துப்போனதால் என்றுதான் நான் நம்புகிறேன். மகளுக்கு மறுபடி கதை சொல்லும்போது 1988-லிருந்து தொடங்குங்கள். பதிமூன்று வயதுப் பெண்ணாக.

அன்புடன்.